ஒப்படைத்த நாளில் நான் சொன்ன பதில்

நீல அட்டை போட்ட அந்தப் பதிவேடு முழுக்க என் கையெழுத்துதான். ஷ்வேப்யிதா பேட்டையின் ஓரத்திலிருந்த ராணுவப் பயிற்சி மையத்தில் நான் தட்டச்சராக இருந்தேன். பயிற்சிக்குப் பிடித்துவரப்பட்டு, பாதியில் ஓடிப்போனவர்களின் பெயரும் வீட்டு முகவரியும் அதில் இருந்தன. எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

என் மேசைக்கு எதிர்மேசை தலைமை எழுத்தருடையது. அவரும் தமிழர். எல்லோரும் அவரை மரியாதையாகச் சயா என்பார்கள். நான் மட்டும் அண்ணே என்பேன். அடுத்தவர் காதில் விழக்கூடாததை நாங்கள் தமிழில் பேசிக்கொள்வோம். பெரும்பாலும் அது மதியச் சாப்பாட்டைப் பற்றிய குறையாகத்தான் இருக்கும்.

மையத்தை உள்ளூர்க் காவல் படையிடம் ஒப்படைக்க உத்தரவு வந்தது. கட்டில், பாய், தண்ணீர்த்தொட்டி, பதிவேடுகள் என்று பட்டியல் அடித்தேன். வரப்போகிறவர்கள் இந்தப் பேட்டைக்காரர்கள்; எந்தச் சந்தில் யார் வீடு என்று அவர்களுக்குத் தெரியும். ஒப்படைக்கும் நாள் காலையில் அண்ணன் நீலப் பதிவேட்டோடு சமையற்கட்டுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார்.

"கேட்டா தெரியாதுன்னு சொல்லாத தங்கச்சி, நம்ப மாட்டாங்க. சயாதான் அடுப்புல போட்டாருன்னு சொல்லு."

"நான் எப்படிண்ணே அதச் சொல்றது?"

"உனக்குப் புள்ளைங்க இருக்கு. தடுமாறாமச் சொல்லு."

சரிபார்த்தபோது அந்த ஒன்று மட்டும் குறைந்தது. உள்ளூர்ப் படையின் தலைவர் என்னைக் கேட்டார். சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அண்ணன் எழுந்து, லுங்கியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவர்கள் காட்டிய வண்டியில் ஏறினார். நான் மீதிப் பட்டியலை அடித்து முடித்தேன். ஒரு பிழையும் இல்லை. மத்தியானம் சாப்பிடவும் செய்தேன். அழுகை வரும் என்று பல நாள் காத்திருந்தேன், வரவில்லை.

போன மாதம் அக்கரையிலுள்ள டாலாவுக்குப் போகும் படகில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாதியாக இளைத்திருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்டார். தலையாட்டினேன். ஆற்றைப் பார்த்தபடி, "அன்னிக்கு நல்லாச் சொன்ன தங்கச்சி" என்றார். குரலில் குத்தல் இல்லை, உண்மையாகவே பாராட்டினார்.

படகு கரை சேர்ந்ததும் அவர் இறங்கிப் போனார். நானும் அங்கேதான் இறங்க வேண்டும். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். படகு திரும்பிப் புறப்பட்டபோதும் நான் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.