பெரியண்ணன் அடைத்த வழி

செய்தி பிடிக்காதவன் ரேடியோவைத் தட்டி உடைத்துவிட்டு, "தானா நின்னுபோச்சுப்பா" என்று கொண்டுவந்து வைப்பானே, அதற்குப் பேர்தான் ரேடியோ ரிப்பேர் தொழில். எண்பதுகள் பூராவும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த கடைத்தெருவில் நான் அதைத்தான் செய்தேன். ரிப்பேர் கடை வைத்து மண்டை காய்ந்த சகோதரர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பூட்டு தூங்கிய கதை

கடை வைத்த புதிதில் ஒருநாள், விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஷட்டரில் பூட்டை மாட்டினேன், பூட்டவில்லை. காலையில் பல் விளக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. உள்ளே இருந்ததெல்லாம் ஊரார் வீட்டுப் பெட்டிகள். ஒன்று தொலைந்திருந்தாலும் கடையை மூடிக்கொண்டு ஊரைவிட்டு ஓட வேண்டியதுதான்.

அடித்துப் பிடித்து ஓடிவந்தால், எங்கள் தெருவுக்குக் காவல் இருந்த நேபாளத்துக் கூர்க்கா ஷட்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பேர் என்னவோ, தெருவுக்கு அவர் பகதூர். வேலை நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த நன்றி ஒரு டீயில் தீருமா? இன்றைக்கும் தீரவில்லை. அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "பூட்டு தூங்கிச்சு சாப். அதான் நான் பூட்டு."

ஏழு பேர் சங்கம்

நம் பக்கத்து நாடுகளெல்லாம் நம்மோடு சேர்ந்து ஏழு நாட்டுக் கூட்டமைப்பு ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். செய்தி நேரத்தில் என் கடையில் கூட்டம் நெரியும். பக்கத்துக் கடை வாட்ச் ரிப்பேர் பாஷா பாய், முள் பிடுங்கும் சிமிட்டாவோடு அப்படியே எழுந்து வந்துவிடுவார். விக்கிரவாண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் சந்தைக்கு வரும்போதெல்லாம் என் ஸ்டூலில்தான் உட்காருவார். நல்ல மனுஷன், முன்கோபி. கரும்பும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், போடுகிற கை. பேர் பெரியண்ணன்.

காலண்டரில் இருந்த தேசப் படத்தில் பாய் சிமிட்டாவால் ஒவ்வொரு நாடாகத் தொட்டுக் காட்டினார். பெரியண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கடல்ல கெடக்கிற ரெண்டையும் தள்ளு பாய். மத்தவங்க எல்லாருக்கும் வரப்பு நம்மளோடதான் இருக்குது. அவுங்களுக்குள்ள ஒருத்தனுக்கொருத்தன் வரப்பே இல்லையே?" என்றார். ஆமாம் என்றார் பாய். எத்தனையோ பேப்பர் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்: "அப்போ எவன் எவனைப் பாக்கப் போனாலும் நம்ம நெலத்தை மிதிச்சிக்கினுதான் போகணும். பேஜாருதான் போ!"

பெட்டி சொன்ன பேர்

எண்பத்தொன்பதில் நமக்கும் நேபாளத்துக்கும் மனஸ்தாபம். அவர்கள் வடக்கே சீனாக்காரனிடம் ஆயுதம் வாங்கினார்கள் என்று நமக்குக் கோபம். ஒப்பந்தமும் முடிந்துபோக, அந்த நாட்டுக்குச் சாமான் போகிற வழிகளில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றையும் நாம் மூடிவிட்டோம். 'பெரியண்ணன் மனப்பான்மை' என்ற வார்த்தை பேப்பரில் அடிபட்டது.

அதே சமயம் விக்கிரவாண்டிப் பக்கத்திலும் ஒரு மனஸ்தாபம். பெரியண்ணன் நிலத்துக்குப் பின்னால் இருந்த சின்னச் சின்னக் கொல்லைக்காரர்கள், அவருக்கு ஆகாத வடக்குப் பக்கத்து மிராசுதாரோடு சேர்ந்து போர்வெல் போட்டுவிட்டார்கள். இவர் கிணறு இருக்க, அவன் தண்ணியா? வந்த கோபத்தில், அவர்கள் போய்வருகிற வண்டிப் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். பாதை அவர் நிலத்தில்தான் இருந்தது. ஆனால் வேறு பாதை கிடையாது. பறித்த மல்லாட்டையை ஜனங்கள் தலையில் சுமந்து ஓடையைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. அவருடைய பெட்டியில் வால்யூம் கண்ட்ரோல் தேய்ந்து, குரல் வந்து வந்து போகும். அவர் உள்ளே நுழையும்போது வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பு ஒன்றை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். பெட்டி பேசியது இதுதான்: "...பெரியண்ணன்... கர்ர்ர்... பக்கத்தில் இருப்பவர்களின் வழியை அடைத்து... கர்ர்ர்... நியாயமல்ல என்று பலரும்..." மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அட பாவி மக்களா! என் கொல்லைத் தகராறு ரேடியோ வரைக்கும் போயிட்டுதா?"

பாய் சொன்ன தமிழ்

முள் போட்ட கதையை அவர் வாயாலேயே கேட்டதும் பாய்க்கும் எனக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அது ரெண்டு நாட்டுச் சண்டை, உங்களைச் சொல்லவில்லை என்று விளக்கியதும் பெரியண்ணனும் சிரித்தார். முள்ளை மட்டும் எடுக்கவில்லை. "அது வேற, இது வேற" என்றார்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் பகதூர் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. ஊரில் பெண்சாதிக்கு நிறைமாதம். தகவல் எதுவும் இல்லை. எந்த வழி திறந்திருக்கிறது, கிளம்பினால் போய்ச் சேர முடியுமா என்று அவர் நாட்டு ரேடியோவில் கேட்க வேண்டும். கடையில் ஷார்ட் வேவ் நன்றாக இழுக்கிற பெட்டி ஒன்றுதான், பெரியண்ணனுடையது. நான் கண்ட்ரோலை மாற்றி வைக்க, எடுத்துப்போக அவர் வந்திருந்த நேரம். "கேக்கட்டும், இருக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். பாய் கடைக் கூரை வரைக்கும் செம்புக் கம்பியை இழுத்து ஏரியல் கட்டினேன். திருகித் திருகி, ஒரு வழியாகக் குரல் கிடைத்தது. பகதூர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவர் கண் கலங்கியது மட்டும் புரிந்தது.

"வழி அடைச்சாச்சு, மண்ணெண்ணெய் இல்லே சாப். எங்க ஊர்ல கரண்ட் கிடையாது. புள்ளை இருட்டுல பொறக்கும்" என்றார்.

"ஏன், யாரு அடைச்சிட்டாங்க?" என்று கேட்டார் பெரியண்ணன்.

பகதூர் தயங்கினார். நாங்கள் இந்தியாக்காரர்கள், அவர் எங்கள் சோற்றைத் தின்கிறவர். எப்படிச் சொல்வார்? மெதுவாக, "படா பாய்" என்றார்.

பெரியண்ணனுக்கு விளங்கவில்லை. பாஷா பாயைப் பார்த்தார். பாய் சிமிட்டாவைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "பெரியண்ணன்னு சொல்றாரு."

டார்ச் லைட்

பெரியண்ணன் பெட்டியை எடுத்துக்கொள்ளாமலே எழுந்து போய்விட்டார். மறுநாள் பகதூர் ஊருக்குக் கிளம்பினார். நான் ஒரு டார்ச்சும் கட்டை பேட்டரிகளும் கொடுத்தேன். பாய் மெழுகுவர்த்தி கொடுத்தார். பஸ் நகர்கிற நேரத்தில் பெரியண்ணன் ஒரு பை மல்லாட்டையோடு ஓடிவந்து, ஜன்னல் வழியாகத் திணித்தார். "ஜல்தியா போய்ச் சேரு" என்றதோடு சரி.

அதற்கப்புறம் வெகுநாள் தகவலே இல்லை. ஷட்டரைப் பூட்டும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான். மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் கடை திறக்க வந்தால், ஷட்டரில் சாய்ந்துகொண்டு பகதூர்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. லாரியிலும் நடையிலுமாகப் போய்ச் சேர்ந்தாராம். டார்ச் வெளிச்சத்தில் பெண் குழந்தை பிறந்ததாம். தாயும் சேயும் சௌக்கியம்.

கொஞ்ச நேரத்தில் பெரியண்ணனும் வந்தார். பகதூர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியமாகக் கேட்பதுபோல, "எங்க ரோடு இன்னும் தொறக்கலே சாப். உங்க ரோடு?" என்றார். யார் சொன்னார்களோ, அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

பெரியண்ணன் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்: "நீ பஸ் ஏறின அன்னிக்கே முள்ளை எடுத்துட்டேன்டா தம்பி. நீ மொதல்ல பொண்ணு பேரைச் சொல்லு!"

என் கைக்கு வந்த பெட்டிகளிலேயே உருப்படியாக வேலை செய்தது, நான் ரிப்பேர் பண்ணுவதற்கு முன்னால் கரகரத்துக் கரகரத்துப் பாதிச் செய்தி சொன்ன அந்தப் பெட்டிதான்.