வாணியின் இடக்கை முடிச்சு

என் தங்கை இசைவாணி வென்றெடுத்தவை இவை. இடது கையால் எழுதினால் விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்த பள்ளியில், இடது கையாலேயே எழுதிப் பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண். சொந்தக்காரர்களின் கேலியை மீறி உயிரியலில் முதுகலைப் பட்டம். திருச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம். கடைசியாக, அவள் கண்டுபிடித்ததன் மேல் அவள் பெயர். இந்தக் கடைசியை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுடையதையே அவள் எதற்காகப் போராடி வாங்க வேண்டும்?

நான் எட்டாவதோடு நின்றவள். பொன்னமராவதியில் நாகராசு அண்ணனின் பழைய சாக்குக் கொட்டகையில் சாக்குப் பிரிக்கிறேன். நல்ல சாக்கை உதறி மடித்தால் மறுபடி மண்டிக்குப் போகும். கிழிந்ததன் மூலையில் துணிக்கீற்றுக் கட்டினால் நார் கிழிக்கும் மெஷினுக்குப் போகும். கட்டியதை இன்னொருத்தி மறுபடி பார்ப்பாள். தைத்தால் தேறும் என்றால் கீற்றை அவிழ்த்து நல்ல அடுக்கில் போடுவாள். தவறாகக் கட்டியது யார் என்று தெரிய வேண்டுமே, அதற்கு ஆளுக்கொரு முடிச்சு. கொட்டகையில் யாரும் பெயர் எழுதுவதில்லை. பள்ளி விடுமுறையில் வாணி என்னோடு வேலைக்கு வந்தபோது நான்தான் சொன்னேன், "ஒன் முடிச்சுதான்டி ஒன் பேரு" என்று. மூன்று கண்ணி, வால் இடப்பக்கம். இடக்கைக்காரி போடும் முடிச்சு. எங்களில் வேறு யாருக்கும் அது வராது.

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த மறுவருடம் போனில் சொன்னாள். "அக்கா, இங்கயும் நம்ம கொட்டக வேலதான்."

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் மேல்தோல் உண்டு. வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்க அதில் ஏற்பிகள் நிற்கும். செய்தியை வாங்கிய ஏற்பியைச் செல் உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கே ஒரு நொதி அதன்மேல் சின்னப் புரதம் ஒன்றை அடையாளமாகக் கட்டும். அடையாளம் இருந்தால் ஏற்பியைச் செரித்துச் சிதைக்கும் பைக்கு அனுப்பிவிடும். இன்னொரு வகை நொதி அந்த அடையாளத்தை அவிழ்க்கும். அவிழ்த்தால் ஏற்பி மறுபடி மேல்தோலுக்குத் திரும்பிவிடும். இந்த அளவு முன்பே தெரிந்ததுதான். சில கட்டிகளில் "வளரு, வளரு" என்ற செய்தியை வாங்கும் ஏற்பி சிதையாமல் திரும்பத் திரும்ப மேலே வருகிறது. எந்த நொதி ஓயாமல் அவிழ்த்துக்கொண்டிருக்கிறது என்பதை வாணி கண்டுபிடித்தாள். அதைத் தடுத்ததும் ஏற்பிகள் ஒழுங்காகச் சிதைந்தன.

கட்டுரை எழுதும் நேரம் வந்ததும் அவளுக்கு மூத்த ஆய்வாளர் வசந்த், அந்தச் சோதனைகள் தான் செய்தவை என்றார். அவர் சொன்னது நின்றால் வாணிக்கு ஐந்து வருட உழைப்பும் போகும், டாக்டர் பட்டமும் போகும். ஆய்வுக்கூடத்தின் பொது நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் செய்தவர் கையெழுத்து வேண்டும். மெஷின் எடுத்த படங்களை வாணி ஒட்டிய எண்பத்தேழு பக்கங்கள். தேதியையும் மெஷினே அச்சடித்திருந்தது. கையெழுத்துக் கட்டத்தில் கையெழுத்து இல்லை, சின்னதாக ஒரு முடிச்சு வரைந்திருந்தது. பரீட்சைக்கும் பேங்குக்கும் கேட்டால் கையெழுத்துப் போடுவாள். கையால் செய்த வேலைக்கு முடிச்சுதான். நான் கொடுத்த புத்தி. என்மேலேயே எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

செய்தது யார் என்று ஆய்வுக்கூடம் வைத்த விசாரணைக்கு முதல்நாள் வாணி கூப்பிட்டாள். "அக்கா, நான் பத்தாவது முடிச்சப்ப புத்தகத்தக் கட்டி வச்ச சாக்கு பரண்ல கெடக்கும். முடிச்ச அவுக்காம எடுத்துட்டு வா."

காலை ஐந்தரைக்குத் திருச்சி பஸ். கண்டக்டர் சாக்கைப் பார்த்தார். "என்னக்கா, நெல்லா?"

"படிப்பு."

"அதுக்கு லக்கேஜ் கெடையாது. ஏறுங்க."

அன்று முழுக்க என்னிடம் மரியாதையாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

விசாரணை அறையில் மூன்று பேர். தலைவர் அமுதவல்லி என்ற பேராசிரியை. வாணியின் வழிகாட்டிப் பேராசிரியர் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். வசந்த் பதறாமல் சொன்னார், "மேடம், அது சும்மா கிறுக்கல். படம் ஒட்டுறப்ப நான் கிறுக்கினது."

நான் சாக்கைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். வழிகாட்டி டீக் கோப்பையை நகர்த்திக்கொண்டார். கொட்டகைத் துணிக்கீற்று ஒன்றை வசந்திடம் நீட்டினேன். "இந்தாங்க தம்பி. நீங்க வரஞ்ச முடிச்சுதானே. கட்டிக் காட்டுங்க."

"இதெல்லாம் என்ன மேடம்?"

"கட்டுங்க வசந்த்" என்றார் தலைவர்.

நோட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். ஷூ நாடா கட்டுவதுபோல் வந்தது. வாணி கீற்றை வாங்கி, தலைவர் முகத்தைப் பார்த்தபடியே கட்டினாள். மூன்று கண்ணி, வால் இடப்பக்கம். சாக்கின் வாயில் இருந்ததும் அதுதான்.

"இந்தச் சாக்கு எப்பக் கட்டுனது?"

"பத்தாவது ரிசல்ட் வந்த அன்னிக்கு மேடம். 2011" என்றாள் வாணி.

தலைவர் எண்பத்தேழு பக்கங்களையும் ஒன்று விடாமல் புரட்டினார். பிறகு வசந்திடம் ஒவ்வொரு சோதனையாகக் கேட்கத் தொடங்கினார். நான்காவது கேள்வியில் வசந்த் முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லி மாட்டிக்கொண்டார். கட்டுரையில் வாணியின் பெயர் முதலில் வரும் என்று முடிவானது. மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

வெளியே வரும்போது வழிகாட்டி என்னிடம் சொன்னார். "இனிமே ஒழுங்கா கையெழுத்துப் போடச் சொல்லுங்கம்மா."

"மாசாமாசம் பாத்துக் கையெழுத்துப் போட வேண்டியது நீங்கதான்னு நோட்டு அட்டையில அச்சடிச்சிருக்கே சார். உங்க கட்டமும் காலியாத்தான கெடக்கு" என்றேன். அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வாணி சாப்பிடக்கூட இல்லை. நேராகத் தன் மேசைக்குப் போய் அன்றைய படத்தை நோட்டில் ஒட்டினாள். வழக்கப்படி கட்டத்தில் ஒரு கண்ணி வரைந்துவிட்டு நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேரப் போடுடி" என்றேன்.

அந்தக் கண்ணியை அடித்துவிட்டு, கட்டம் கொள்ளாமல் முழுப்பெயரையும் இடது கையால் எழுதினாள். அவள் தன் வேலைக்குக் கீழே முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள் 7 மார்ச் 2024, வியாழக்கிழமை.