விளக்கு மாட்ட வந்தவர்

தாயில்பட்டியில் பட்டாசுக்குத் திரி செருகும்போது என் வலது கை வெந்துபோனது. தோல் வைத்துத் தைக்காவிட்டால் விரல் மடங்காது என்றார்கள் விருதுநகர் ஆஸ்பத்திரியில். ஆனால் ஆபரேஷன் அறையில் விளக்கு மாற்றுவதால் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார்கள்.

விளக்கு மாட்ட வந்தவர் ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. ஒவ்வொரு விளக்கையும் மாட்டியதும் ஆபரேஷன் மேசையில் மல்லாந்து படுத்து, கண் கூசுகிறதா என்று பார்ப்பார். வாசலில் நின்ற எனக்கு எரிச்சல் வந்தது.

“நோயாளி நானா, நீகளா? அதான் நடுவுல அம்புட்டுப் பெரிய விளக்கு தொங்குதுல்ல?”

“அது உங்க கைப்புண்ணுக்கு ஆத்தா. சுத்தியும் நல்ல வெளிச்சம் இருந்தாத்தான், உங்க உதடு, நகம் நீலம் பாரிச்சா மயக்க டாக்டருக்குத் தெரியும்.”

சொல்லிக்கொண்டே என் இடது கையைப் பார்த்தார். பட்டாசு மருந்து ஏறி நகமெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது.

“இம்புட்டு லைட்டு மாட்டி என்ன செய்ய? நகத்தை இப்படி மூடி வச்சிருக்கீகளே!”

தேங்காய் எண்ணெயும் துணியும் வாங்கிவந்து, எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு நகமாகத் தேய்த்தார். யாரையும் எனக்குப் பணிவிடை செய்ய விட்டவளில்லை நான். அன்று கையை நீட்டிக் கொடுத்தேன்.

இப்போது விரல் மடங்குகிறது. விளக்கு மாட்டியதோடு முடிந்த வேலையை, என் நகம் வரைக்கும் அவர் ஏன் இழுத்துப் போட்டுக்கொண்டார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.