ஏழாவது வேட்டு

சபையாரே, என் வீட்டுக்காரர் யோசேப்பு மேஸ்திரியை உங்களில் பாதிப் பேர் பார்த்திருக்கமாட்டீர்கள். பாறைக் கிணறுகளுக்கு வெடி வைக்கிற வேலை அவருக்கு. பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரி கொளுத்திவிட்டு மேலே வந்துவிடுவார். எத்தனை குழியோ அத்தனை வேட்டுச் சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுநாள் வரை யாரையும் கிணற்றில் இறங்க விடமாட்டார். எண்ணிக்கை சரியாக இருந்தால் முதலில் இறங்குகிறவரும் அவர்தான். "நான் வெச்ச மருந்துக்கு இன்னொருத்தர் பிள்ளைய அனுப்புவனா?" என்பார்.

1959-ஆம் வருஷக் கோடையில் காரமடைப் பக்கம் ஒரு கவுண்டர் தோட்டத்தில் வேலை. கிணறு வற்றி, பாக்கு மரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. பத்து நாள் முன்புதான் பக்கத்து ஊர்க் கிணற்றில், வெடிக்காமல் கிடந்த மருந்து திடீரென்று வெடித்து இரண்டு பேர் செத்திருந்தார்கள். அவர்களைத் தூக்கி வந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரோ பிள்ளைகளுக்குக் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று மத்தியானம் சோறு கொண்டுபோனேன். ஏழு குழி. தலைத்துண்டை எடுத்துவிட்டு ஜெபித்தார், இறங்கித் திரி கொளுத்தினார், மேலே வந்தார். "வேட்டு! வேட்டு!" என்று ஆட்கள் கத்தினார்கள். தள்ளி நின்று எல்லோரும் எண்ணினோம். ஏழு. எனக்கு மட்டும் நெஞ்சு அடங்கவில்லை. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

புகை அடங்க அரை மணி நேரம் ஆனது.

"ஏனுங்க, இன்னைக்கு இறங்க வேண்டாமுங்க."

"எண்ணிப்போட்டுத்தானே எறங்கறேன் கண்ணு. நீயுந்தானே எண்ணுன?"

ஆட்கள் சிரித்தார்கள். கப்பிக் கயிற்றில் கட்டிய பலகையில் உட்கார்ந்து இவர் இறங்க, ஆட்கள் கயிற்றை மெல்ல மெல்ல விட்டார்கள். நான் கல் குவியலுக்குப் பின்னால் போய் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, இவரை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. நீரே நிறுத்தும்." அவ்வளவுதான் ஜெபம்.

எழுந்தபோது பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் வரப்பில் வந்துகொண்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்: "நீங்க போட்ட அதே நேரத்துல எங்க கிணத்துலயும் ஒத்தை வேட்டுப் போட்டமுங்க அம்மணி. எங்க சத்தம் கேட்டுச்சுங்களா?"

செம்பைப் போட்டுவிட்டுக் கிணற்றுக்கு ஓடினேன். நாங்கள் எண்ணிய ஏழில் ஒன்று அவர்களுடையது. எங்கள் மருந்து ஒன்று இன்னும் கீழே வெடிக்காமல் கிடந்தது. அதை நோக்கித்தான் இவர் இறங்கிக்கொண்டிருந்தார்.

"இழுங்க! கயித்த இழுங்க! ஒண்ணு இன்னும் வெடிக்கலீங்க!"

இழுத்தார்கள். மேலே வந்து நாலு எட்டு ஓடியிருப்பார். கிணறு வெடித்தது. கல் மழையாகக் கொட்டியது. கப்பி மரம் முறிந்து உள்ளே போனது. ஒருவருக்கும் கீறல் இல்லை. கவுண்டர் தலை உருமாலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மேஸ்திரி, நீங்க கும்பிடற சாமி பக்கத்துலயே நிக்குதுங்க" என்றார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊரில் பேசினார்கள். தானாகப் போகவில்லை, போக்கினவர் ஒருவர் இருந்தார். அதுவரை ஞாயிற்றுக்கிழமைக்காகக் கோயிலுக்குப் போனவள் நான். அன்றிலிருந்து தினமும் முழங்காலிட்டேன். இவரும் சுற்றியுள்ள கிணறுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பிக் கேட்காமல் திரி கொளுத்தியதில்லை. காலையில் புறப்படும்போது, "இன்னைக்கு மனசு எப்படி இருக்குது கண்ணு?" என்று என்னைக் கேட்பார். நான் சரி என்றால்தான் கிளம்புவார்.

1968-இல் காய்ச்சலில், சொந்த வீட்டுக் கட்டிலில் கர்த்தரிடம் போனார். கிணறு வெடித்த அன்று என் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது. அப்பா முகமே பார்க்காமல் வளர்ந்திருக்க வேண்டிய அந்த மகள்தான், எட்டு வயதில், அவர் நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியாக அவர் கண் திறந்து பார்த்ததும் அவளைத்தான்.

உங்களுக்குப் பயம் வந்தால் யாராவது சிரிப்பார்களே என்று விழுங்கிவிடாதீர்கள். அழகான வார்த்தை தேட வேண்டாம். ஆண்டவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.