கம்பெனி சொன்ன பூட்டு

என் வீட்டுக்காரர் ரிட்டயராகிப் பல வருஷமாகியும் டூட்டிக்குக் கிளம்புவதை நிறுத்தவில்லை. ஞாபகம் தப்பிப்போன மனுஷன். நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்துச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் அல்வால் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட்டி வருவார்கள். ஒருமுறை பஸ் ஏறி ஊரின் மறுகோடியில் உள்ள உப்பல் வரைக்கும் போய்விட்டார். சாயங்காலம்தான் கிடைத்தார்.

உள்ளே வைத்துப் பூட்டலாமென்றால் விடமாட்டார். "என்னை என்ன கைதின்னு நெனச்சியா?" என்று கத்துவார். கத்தட்டும் என்று விட முடியுமா? மூச்சு வாங்கும். நான் சாவியைக் கீழே வைத்துவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டு இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்க வந்த ஏஜென்ட், கொண்டியில் தொங்கும் பழைய பூட்டு போதாது, கதவிலேயே பதித்த பூட்டு வேண்டும் என்றார். அதைக் கேட்டு இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். பொண்டாட்டி பேச்சு ஏறாது, ரூல் என்றால் தலை தானாக ஆடும்.

எனக்கு அது போதும். கடைக்குப் போய், உள்ளேயிருந்து திறக்கவும் சாவி கேட்கிற பூட்டாகக் கேட்டேன். "அந்தர் பீ சாவி? கைக்கு அம்மா?" என்று கடைக்காரர் இந்தியில் கேட்டு முழித்தார், உள்பக்கமும் சாவி எதற்கு என்று. இன்ஷூரன்ஸ் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இவரிடமும் அதே கதைதான்: "கம்பெனி ரூலுங்க. நான் வெளிய போனா கதவு பூட்டியிருக்கணும். வெளியாள் யார் தட்டினாலும் தொறக்கக் கூடாது." ஏஜென்ட் சொன்னது பாதி, மீதி என் சொந்தச் சரக்கு.

மனுஷன் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். தினமும் பூட்டை இழுத்துப் பார்ப்பார், சாவித் துவாரத்தில் கண்ணை வைப்பார், "பாஸ்" என்பார். தன்னை அடைத்துவைத்த பூட்டுக்குத் தானே சர்டிபிகேட் கொடுத்தார், பாவி மனுஷன். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்படிக்குப் போனதும் அழுகை வந்தது.

போன மாதம் ஒரு காலையில் அவருக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டு, தயிர் வாங்க எதிர்க் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்து பூட்டைத் திறந்தால் கதவு நகரவில்லை. உள்ளே தாழ்ப்பாளும் போட்டிருந்தார்.

"ஏங்க, நான்தான். தாழ்ப்பாளை எடுங்க."

"நான்னா யாரு?"

"உங்க பொண்டாட்டிங்க!"

"அவ வெளிய போயிருக்கா. வெளியாளுக்குத் தொறக்க மாட்டேன். இன்ஷூரன்ஸ் ரூல்."

கெஞ்சினேன். திட்டினேன். கதவை உதைக்கக்கூடச் செய்தேன். மாத்திரை போட்டவர், வயிற்றில் ஒன்றுமில்லை. உள்ளே மயங்கி விழுந்தால் யார் தூக்குவது?

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், இன்ஷூரன்ஸ் கம்பெனியிலேருந்து வந்திருக்கேன். பூட்டை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணணும்" என்றேன்.

உடனே தாழ்ப்பாள் விலகியது. சட்டைப் பொத்தானைச் சரிசெய்தபடி நின்றார். "வாங்க மேடம், வாங்க." பூட்டைத் தொட்டுக் காட்டினார். இழுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். "பாஸ் சார், சாப்பிடுங்க போங்க" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மேடம். எம் பொண்டாட்டி இப்ப வந்துருவா. அவ வராம நான் சாப்பிடறதில்ல."

தயிர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.