நத்தை பொறுக்கும் சண்முகம்

1975 நவம்பர் 9: 41
நவம்பர் 10: 38
நவம்பர் 11: 126
நவம்பர் 12: 131
டிசம்பர் 2: 57
1976 ஜனவரி 18: 9

இவை சண்முகம் தன் ஸ்ட்ராபெரிப் பாத்தியில் பொறுக்கிய நத்தைகள். அந்தமானின் சௌல்தாரியில் ஐந்து மணிக்கு வெளுக்கும்போது அவர் குந்தியபடியே பாத்தியைச் சுற்றி நகர்கிறார். மாலையில் பரப்பி வைத்த பப்பாளி இலைகளைப் புரட்டினால், அடியில் முஷ்டி அளவு நத்தைகள் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் டின்னில் சேர்த்து, பக்கத்து வீட்டு வங்காளியின் வாத்துகளுக்கு உடைத்துப் போடுவார்.

"ஆஜ் கித்னா?" என்பார் வங்காளி வேலிக்கு அப்பாலிருந்து.

"சாலீஸ் ஏக்," என்பார் சண்முகம் தன் அரைகுறை இந்தியில்.

பிறகு என் வாசலுக்கு வருவார். "கணக்குப்பிள்ளை ஐயா, நாப்பத்தொண்ணு. போட்டுக்குங்க." அவருக்கு எழுதத் தெரியாது. நான் பண்ணை அலுவலகத்தில் முப்பது வருஷம் மழைப் பதிவேடு எழுதியவன். தேயிலைத் தோட்டத்து வழக்கப்படி, நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர் எல்லோரும் அவருக்குக் கணக்குப்பிள்ளைதான்.

சண்முகம் இலங்கையில், நுவரெலியாவில் துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். இந்தியப் பிரஜை என்று எழுதிக் கொடுத்து, 1974இல் தனியாக இங்கே வந்தார். பால்மா டின்னில் ஈரப் பாசி சுற்றி மூன்று ஸ்ட்ராபெரிக் கன்றுகள் கொண்டு வந்தார். மண்டபம் முகாமிலும் கப்பலிலும் தன் குடிதண்ணீரை அவற்றுக்குத் தெளித்தாராம். மனைவி பொன்னம்மா, மகளின் பிரசவம் முடிந்து அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லி அங்கேயே தங்கினாள். கப்பல் வரும் நாளில் மட்டும் சண்முகம் சட்டை போட்டுக்கொண்டு போர்ட் பிளேருக்கு பஸ் ஏறுவார். கடைசி பஸ்ஸில் திரும்பி வந்ததும் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார்.

126க்குக் காரணம் உண்டு. நுவரெலியாவில் துரைசாணி முட்டை ஓட்டை நொறுக்கிச் செடியைச் சுற்றிப் போடச் சொல்வாளாம். அங்கத்துச் சின்ன நத்தைகள் அதைத் தாண்டாது. இங்கே முட்டைக்கு எங்கே போவது? கடற்கரைச் சிப்பியை இடித்துப் போட்டார். இந்தத் தீவின் நத்தைக்கோ சுண்ணாம்புதான் விருந்து. சுவரில் அடித்த வெள்ளையையே அரித்துத் தின்னும். சிப்பித் தூளைக் கைவிரலால் பொறுக்கி எடுக்க அவருக்கு ஆறு நாள் ஆயிற்று. பிறகு தேங்காய் நாரைத் திரித்துக் கன்றுக்குக் கன்று வளையம் போட்டார். பறவைகள் கொத்தாமலிருக்கத் தன் கொசுவலையில் ஒரு பக்கத்தை வெட்டிப் போர்த்தினார்.

பண்ணை அலுவலகத்து ஜெகநாதன் ஒரு நாள் நத்தை மருந்தோடு வந்தார்.

"பெரியவரே, நாலு குளிகை போடும். ரெண்டு நாள்ல காலி. கொசுக்கடி வாங்கிக்கிட்டு எதுக்கு இந்தப் பாடு?"

"வேணாங்க சாப். அவ கழுவாமத்தான் திம்பா."

"யாரு?"

"வர்றவ."

ஜெகநாதன் போன பிறகு என்னிடம் சொன்னார்: "மக வயித்துல இருக்கையில ஒரே ஒரு பழம் கேட்டா ஐயா. துரைசாணி எண்ணி வெச்சிருந்திச்சு. குடுக்கல."

ஜனவரியில் ஏழு பழங்கள் பிடித்தன. பெரியது என் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. அதுதான் முதலில் சிவந்தது. "இன்னும் ரெண்டு நாள் தாங்கும்," என்று அவர் நான்கு நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கப்பல் தபாலில் கடிதம் வந்தது. மருமகன் எழுதியிருந்தான், நான் வாசித்தேன். மகளுக்கு மறுபடி மாசமாம். பொன்னம்மா மகளோடே இருந்துகொள்கிறாளாம், அங்கேயே பிரஜையாகப் பதிந்தும் விட்டாளாம். இனிக் கப்பலுக்குப் போய் நிற்க வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம்.

"இன்னொருக்கா படிங்க," என்றார். படித்தேன்.

எழுந்து போய் வலையைத் தூக்கி, சிவந்த பழத்தைப் பறித்தார். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு அதைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். பப்பாளி இலைத் துண்டில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க கழுவித்தானே சாப்பிடுவீங்க."

அதன் பிறகு அவருக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. இது வந்தது 1976 ஜனவரி 23, வெள்ளிக்கிழமை.