உள்ளே வெடிக்கட்டும்

வாக்கிடாக்கியின் பொத்தானை விட்டதும் ஒரு சத்தம் வரும். காகிதத்தைக் கசக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியது போல. தைப்பூசத்துக்கு முந்தின நாள், தண்ணீர்மலை ரோட்டில் வண்டிகளை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்த தொண்டர் ஒருவர் என் பக்கத்தில் நின்று அந்தப் பொத்தானை அழுத்தினார். பந்தல் உச்சியில் கட்டிய விளக்கைப் பற்றி மறுமுனையில் இருந்தவரிடம் கேட்டார், தெரியுதா என்று. பிறகு பொத்தானை விட்டார். அந்தச் சத்தம். கையில் பூவும் கற்பூரமுமாக நான் நடுவழியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அந்த இரைச்சலும் அந்த ஒரு சொல்லும் சேர்ந்து வந்தால் போதும், என்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலுக்கு அக்கரையில் இறக்கிவிடும்.

அக்கரை என்றால் பட்டர்வொர்த். தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் தீவிலிருந்து காலையில் ஃபெர்ரி ஏறிப் போய், மாலையில் ஃபெர்ரி ஏறித் திரும்புவேன். அங்கே ஓர் எண்ணெய்க் கிடங்கில் கட்டுப்பாட்டு அறையில் கிளார்க் வேலை. எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ஆஸ்பத்திரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. மகளும் மேசைக்கு முன்னால் உட்கார்கிற வேலையில் இருப்பதில் அப்பாவுக்கு ஒரு நிம்மதி. மேசையைச் சுற்றிலும் பெட்ரோல் என்பதை அவர் யோசிக்கவில்லை.

டாங்குகளுக்கும் லாரிகளில் எண்ணெய் ஏற்றும் மேடைக்கும் கேமரா வைப்பதென்று மேலிடம் முடிவு செய்தது. சாதாரணக் கேமரா அங்கே ஆகாது. அதற்குள் ஒரு பொறி பறந்தால் காற்றில் நிற்கும் பெட்ரோல் ஆவி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அதனால் வந்தவை வேறு மாதிரி. வார்ப்பு இரும்புக் குண்டான் போன்ற பெட்டி, முன்னால் விரல் தடிமனில் கண்ணாடி, சுற்றிலும் போல்ட்டுகள். ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பெட்டிகளின் மேல் மலாயில் 'கலிஸ் லெத்துப்பான்' என்று எழுதியிருந்தது. வெடிப்பைத் தாங்குவது என்று பொருள். லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "கலிஸா? அப்ப காலிதான்லா. நம்மளைச் சொல்றான்," என்றார். அன்றிலிருந்து அந்தக் கேமராக்களுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் காலிப் பெட்டி.

அவற்றை மாட்ட வந்தவர்தான் அவர். எங்கள் தீவில், சூலியா தெருவில் அவருடைய வாப்பாவுக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை. கடைக்கு மேல்மாடியில் வீடு. சட்டையில் எப்போதும் லேசாகக் குழம்பு வாசம் இருக்கும். தாமே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

வேலை இப்படி. அவர் வெளியே கம்பத்தில் ஏணி போட்டு நிற்பார். நான் உள்ளே திரைக்கு முன்னால். பொறி விடாத வகை வாக்கிடாக்கி ஆளுக்கொன்று. அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பி, தெரியுதா என்று கேட்க வேண்டும். நான் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் நாள் அவர் கேட்டதும் நான், "ஓம், தெரியுது," என்றேன். எங்கள் வீட்டில் ஆமா என்பதற்கு ஓம்தான். மறுமுனையில் அவர் பொத்தானை அழுத்தினார்.

"என்னங்க, பூஜையை ஆரம்பிச்சிட்டீங்களா? நான் வேணா எறங்கி நிக்கட்டுமா?"

எனக்குக் காது சுட்டது. மறுநாள் முழுக்கப் பிடிவாதமாக ஆமா, ஆமா என்றே சொன்னேன். சாயந்தரம் ஃபெர்ரியில் வந்து நின்றார். ஓம் எங்கே போனது, வாக்கிடாக்கி ரிப்பேரா என்று கேட்டார். அதற்கப்புறம் ஓம்தான்.

கேமராக்கள் எல்லாம் மாட்டி முடிந்தும் சோதனைகள் முடியவில்லை. மழை பெய்தால் ஒரு சோதனை. வெயில் அடித்தால் ஒன்று. கண்ணாடியில் காக்கை எச்சமிட்டால்கூட அவர் ஏணியோடு வந்துவிடுவார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்கும்போது அவர் முகம் திரை முழுக்கப் பரவும். மூக்கு பெரிதாக, காது சிறிதாக, சாம்பல் நிறத்தில். எனக்கு அவர் தெரிந்தார். அவருக்கு நான் தெரியவில்லை. அந்தக் கண்ணாடியைப் பார்த்துக் கேட்பார், தெரியுதா. எதைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கிய நாள் எது என்று சொல்ல முடியவில்லை. டாங்கு தெரியுதா என்றுதான் ஆரம்பித்தது.

ஃபெர்ரியின் மேல்தட்டில் நின்றுகொண்டு ஒருநாள் கேட்டேன். வெடிக்காத பெட்டி என்றால் அதற்குள் ஆவி போகவே போகாதா? போகும் என்றார். உள்ளே வெடிக்கவும் செய்யும். எனக்கு விளங்கவில்லை. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து என் முன் நீட்டினார்.

"மூடி இது, பெட்டி இது. ரெண்டுக்கும் நடுவுல மயிரிழை சந்து. அதை அடைக்கக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது. உள்ள வெடிக்கட்டும். அந்த நெருப்பு இந்தச் சந்து வழியா வர்றதுக்குள்ள ஆறிடும். வெளிய ஒண்ணும் தெரியாது."

"என்ன, என்னைக் கும்பிடுறீங்களா?" என்றேன்.

அவர் கைகளைப் பார்த்தார். சிரித்துவிட்டுச் சட்டென்று பிரித்துக்கொண்டார். உம்மா பார்த்தால் ஏசுவார்கள் என்றார். சிரிப்புத்தான். ஆனால் அதற்குப் பிறகு கரை வரும்வரை இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தோம். அந்தக் கைகள் சேர்ந்ததையும் பிரிந்ததையும் நான் எத்தனை முறை நினைத்திருப்பேன். கும்பிடுவதற்கும் மூடிவைப்பதற்கும் கைகளுக்கு ஒரே வடிவந்தான்.

எங்கள் விஷயத்தை அவர் வீட்டில் சொல்லிவிட்டார். உம்மா ஒருநாள் முழுக்க அழுதாராம். மறுநாள் மோதிரத்துக்கு என் விரல் அளவைக் கேட்டாராம். பாவம், அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. இருந்தும் அந்த விரலை இப்போதும் சில நேரம் தடவிப் பார்க்கிறேன். இந்த நாட்டில் கல்யாணத்துக்கு எங்களுக்கு இருந்தது ஒரே வழி. நான் கலிமா சொல்லி மதம் மாறி, வேறு பெயர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெயரை விட்டுவிடுவேன் என்று நினைத்தேன். கோயிலைக்கூட, ஒருவேளை. இரவல் துணிச்சலோடு அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் எதிர்த்துக் கத்தியிருப்பேன், வாசல் திறந்திருக்கும். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, நான் உன்னை மறிக்கேல்லை. நல்ல பெடியன் எண்டுதான் நினைக்கிறன். ஆனா நீ அங்கால போனா, என்ரை செத்தவீட்டிலை உன்ரை கையாலை எனக்கொரு பிடி அரிசி போட ஏலாது. வேறை ஆர் இருக்கினம் எனக்கு? அதை மட்டும் யோசி."

வாய்க்கரிசி. அவ்வளவுதான் கேட்டார். என்னை வளர்த்ததைச் சொல்லவில்லை, அம்மா பேரை இழுக்கவில்லை. அதன் பிறகு நாங்கள் ஒரே மேசையில் சாப்பிட்டோம், மழை பற்றிப் பேசினோம், வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போனோம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது. பெட்டியின் மூடி உட்காரும் இடத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் நெருப்பு வெளியே வந்துவிடும், அந்தப் பெட்டி குப்பைதான் என்று ஏணியில் நின்றவர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் கீறல் விழவில்லை.

அதே சமயம் அவருக்குக் கிழக்குக் கரையில், திரங்கானுவில் ஓர் எரிவாயு ஆலையில், வேலை வந்தது. அங்கே நம்மை யாருக்கும் தெரியாது, வா என்றார். அரிசியைப் பற்றிச் சொன்னேன். அவர் சண்டை போடுவார், என்ன பெரிய அரிசி என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தன் வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்குத் தான் இல்லாமல் இருக்க முடியுமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வது போலச் சொன்னார். அப்புறம் வா என்று கூப்பிடவே இல்லை. மனதைப் புரிந்துகொள்ளாத ஒருவனை நேசித்திருக்கலாம். சுலபமாக இருந்திருக்கும்.

அப்பா சில வருஷங்கள் கழித்துப் போனார். அந்த அரிசியை நான் போட்டேன். விரல் நுனியில் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு விழ மறுத்தன. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதறினேன். விழுந்தன.

ஆனால் தெரியுதா என்ற சொல்லைக் கேட்கும்போது அந்தச் சாவு நினைவுக்கு வருவதில்லை. பட்டர்வொர்த் ஃபெர்ரி நிலையம் வருகிறது. அவருக்குச் சாயங்கால பஸ், அங்கிருந்தே கிழக்குக் கரைக்கு. காலடியில் ஒரு பை. எனக்கு ஃபெர்ரி. வேலை விட்டு வந்த கூட்டம் முழுக்க காசு போட்டு நுழையும் சுழல் கதவை நோக்கி இடித்துக்கொண்டு போகிறது. ஒதுங்கி நிற்க இடமில்லை. என்ன பேசினோம்? பஸ்ஸில் குளிரும் என்று சொன்னேன். மேடைக் கேமராவில் தண்ணீர் இறங்குகிறது, புதிதாக வருகிற ஆளிடம் சொல் என்றார். கூட்டம் என்னைத் தள்ளியது. காசைப் போட்டேன், கதவு சுழன்றது, நான் உள்ளே. எங்களுக்கு நடுவில் தலைகள், குடைகள், ஒரு குழந்தையின் பலூன்.

திரும்பிப் பார்த்தேன். அவர் பையின் மேல் ஏறி நின்றிருந்தார், ஏணியில் நிற்பது போல. முகத்தை நேராக என் பக்கம் வைத்திருந்தார். ஆனால் அவர் கண்கள் வேறெங்கோ தேடின. அப்போதும் அவருக்கு நான் தெரியவில்லை. உள்ளங்கைகள் இரண்டையும் மெல்லச் சேர்த்தார். இந்த முறை பிரிக்கவில்லை.

"தெரியுதா?"

அவர் போட்ட சத்தத்தில் என் பக்கத்தில் நின்ற பெண்ணும் அண்ணாந்து எதையோ தேடினாள். என் நெஞ்சிலிருந்து கிளம்பியது எதுவோ, தொண்டையைத் தாண்டி வெளியே வந்தபோது ஆறித்தான் வந்தது.

"ஓம்," என்றேன். "தெரியுது."